பெங் சுயியும் பாத்ரூமும்: காத்து, தண்ணி, ஒரு வளைஞ்ச குழாய் (இழை)

1/ "டாய்லெட் மூடியைத் திறந்து வச்சா வீட்டுப் பணம் எல்லாம் அதுவழியா போயிடும், இது பழங்கால சீன பெங் சுயி ரகசியம்"னு ஒரு வீடியோ சுத்துது. அதை நம்பி பாத்ரூமை இடிச்சு வேற மூலைக்கு மாத்தலாமான்னு கேக்கறவங்களும் உண்டு. உண்மையான வரலாறு என்ன? ஒரு மருத்துவரா எனக்கு இதில் ஏன் அக்கறை? பார்க்கலாம் மக்களே.

2/ பெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். இந்தக் கலையின் முக்கியமான பழைய நூல்களில் ஒன்று 'அடக்க நூல்'. 4ஆம் நூற்றாண்டு அறிஞர் குவோ பூ எழுதியது என்பது மரபு. கல்லறைக்கு இடம் பார்ப்பதுதான் அதன் விஷயம். 'சி' என்னும் உயிராற்றல் காத்து அடிச்சா கலைஞ்சிடும், தண்ணி இருக்கிற இடத்தில் தங்கும் என்பது அடிப்படைக் கருத்து. அதனால நல்ல இடம்னா காத்து அடங்கி, தண்ணி அருகில் இருக்கணும்.

3/ பாத்ரூம்? அந்தக் கால சீன வீட்டுக்குள்ள நாம இன்னைக்கு சொல்ற பாத்ரூமே கிடையாது. ஹான் அரச காலக் கல்லறைகளில் (கி.மு. 206 - கி.பி. 220) சுட்ட களிமண் வீட்டு மாதிரிகள் கிடைச்சிருக்கு. அதில் மேலே கழிப்பறை, கீழே பன்றித் தொழுவம்! சீன மொழியில் ரெண்டையும் குறிக்க ஒரே எழுத்தும் இருந்தது.

4/ பின்னாளில் பெய்ஜிங்கின் முற்றம் வச்ச வீடுகளில் வாசல் தென்கிழக்கு மூலையில், கழிப்பறை தென்மேற்கு மூலையில் இருப்பது வழக்கம். மத்த ஊர்களில் பலருக்கு மூடி போட்ட மரவாளிதான். விடிகாலையில் ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்க.

5/ அது செல்வம் ஓடிப்போற இடமாவா பார்க்கப்பட்டுச்சு? தலைகீழ். மனிதக் கழிவு வயலுக்கு உரம், விலை உள்ள சரக்கு. அமெரிக்க வேளாண் அறிஞர் எஃப். எச். கிங் 1911இல் வந்த தன் நூலில் ஒரு கணக்கு தர்றார்: 1908இல் ஷாங்காய் நகரம் கழிவு அள்ளும் உரிமையை ஒரு ஒப்பந்தக்காரருக்கு 31,000 டாலருக்கு மேல் வித்திருக்கு. அளவு 78,000 டன்!

6/ அப்போ இந்த 'பணம் ஓடும்' கதை? தண்ணி என்றால் செல்வம் என்பது பழைய நம்பிக்கை. ஃப்ளஷ் டாய்லெட் வீட்டுக்குள்ள வந்ததும், வெளியே போற தண்ணி வெளியே போற செல்வமா மாறிடுச்சு. 1980களில் அமெரிக்காவில் லின் யுன் என்ற ஆசிரியரின் வழிமுறை பிரபலமாச்சு. வாசலில் நின்னு பார்த்தா தூரத்து இடது மூலை 'செல்வ மூலை' என்பது அந்த வழி. ஆக, ஃப்ளஷ் டாய்லெட்டுக்கான விதி ஆயிரம் வருஷப் பழசா இருக்க வாய்ப்பே இல்லை.

7/ இப்போ லண்டனுக்குப் போவோம். ஃப்ளஷ் டாய்லெட் வீட்டுக்குள்ள வர ஒரு தடை இருந்தது, சாக்கடைக் காத்து. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் வளைஞ்ச குழாய் வச்ச டாய்லெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வளைவில் தங்கும் தண்ணி சாக்கடைக் காத்தை மேலே வரவிடாது. இதுதான் 'ட்ராப்'. நம்ம ஊர் பிளம்பர்கள் தரைக்கு வைக்கிற 'நஹானி ட்ராப்'பும் இதே வேலைதான்.

8/ அந்தத் தண்ணி வத்திப்போனா? 2003 மார்ச், ஹாங்காங், அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. சார்ஸ் தொற்றும் வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவர் 'ஈ' பிளாக்கில் உறவினர் வீட்டுக்கு வந்து டாய்லெட் உபயோகிச்சார். சில நாட்களில் வரிசையா நோயாளிகள். மொத்தம் 329 பேருக்குத் தொற்று, 42 பேர் மரணம்.

9/ ஹாங்காங் சுகாதாரத் துறை விசாரிச்சு சொன்னது இது. பல வீடுகளில் பாத்ரூம் தரையைத் தண்ணி ஊத்திக் கழுவாம ஈரத்துணியால் துடைச்சிருக்காங்க. தரை ட்ராப் வறண்டுபோச்சு. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும், அது பொதுக் கழிவுக் குழாயிலிருந்து கிருமி கலந்த காத்தை வறண்ட ட்ராப் வழியா உள்ளே இழுத்திருக்கு. அதையே கட்டட இடைவெளியில் தள்ள, மத்த மாடிகளுக்கும் பரவியிருக்கு. மார்ச் 31 அன்னைக்கு அந்த பிளாக்குக்கு சீல் வச்சு, மறுநாள் மக்களை முகாம்களுக்கு மாத்தினாங்க.

10/ காத்தும் தண்ணியும்தான் மக்களே! ஆனா செல்வ மூலையில் இல்ல, தரையில் இருக்கிற ட்ராப்பில். நாம செய்யவேண்டியது:

- உபயோகிக்காத பாத்ரூம், பால்கனி, மூடிக்கிடக்கும் வீடு: வாரம் ஒருமுறை தரை ட்ராப்பில் ரெண்டு மக் தண்ணி ஊத்துங்க.
- சாக்கடை நாத்தம் வந்தா ஊதுபத்தி கொளுத்தி மறைக்காதீங்க. முதலில் தண்ணி ஊத்துங்க. அப்பவும் போகலைன்னா பிளம்பரைக் கூப்பிடுங்க.
- எக்ஸாஸ்ட் ஃபேன் போடும்போது வெளிக்காத்து உள்ளே வர கதவடியிலோ ஜன்னலிலோ வழி இருக்கட்டும்.
- மூடியை மூடிட்டே ஃப்ளஷ் பண்ணுங்க. பணத்துக்காக இல்ல, தெறிக்கும் துளிகள் குறையும்.

11/ பாத்ரூம் எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. இடிக்கவும் வேண்டாம். ட்ராப்பில் தண்ணி இருக்கான்னு மட்டும் இன்னைக்கே பாருங்க. ஊர்ல பூட்டிக்கிடக்கும் அப்பா அம்மா வீட்டையும் சேர்த்துதான் சொல்றேன்.