மலைக்கு முந்திய இரவு

சென்ற தை மாதம் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு வாதம் நடந்தது. பாவா ஆதம் மலைக்குப் போவதென்று ஆறு பேர் தீர்மானித்திருந்தோம். எந்த நாளில் போவது, எந்த வேனைப் பிடிப்பது என்பதெல்லாம் ஒரே இடைவேளையில் முடிந்துவிட்டன. முடியாமல் இழுபட்டது ஒன்றுதான். ஏறுவதற்கு முந்திய இரவு எங்கே தங்குவது?

ஹட்டன் நகரில் தங்கலாம் என்றார் ஒருவர். பள்ளிவாசல் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் பிரச்சினையில்லை என்பது அவர் கட்சி. மலையடிவாரத்து நல்லதண்ணியில் தங்கலாம் என்றார் மற்றொருவர். எங்களில் இளையவர் இரண்டையும் தள்ளிவிட்டார்.

"என்னத்துக்கு சேர் காசக் குடுத்துத் தங்குற? பகலைக்கு வெளிக்கிட்டா நடுச்சாமத்துல போய் இறங்கி, அப்படியே ஏறிரலாம்தானே?"

அவரை மறுக்க எனக்குத் தகுதி இருந்தது. 2010ஆம் ஆண்டில், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த சிலருடன் நான் அப்படித்தான் போனேன். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்பது மார்கழி மழைதான். வேனில் இடுப்பொடிய இருந்து, நடுச்சாமத்தில் இறங்கி, உறங்காத கண்ணோடு படியேறினோம். பாதி வழியில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இன்னொருவர் வாந்தியெடுத்தார். உச்சியில் சூரியன் உதித்தபோது நான் ஒரு சுவரோடு சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது, எங்கள் மூத்தவாப்பா சிரிக்கவில்லை. "மலைக்குப் போறவன் முதல்ல அடிவாரத்துல ஒரு நாள் கிடக்கணும் மனே. பக்கீர்பாவாமாரு அப்படித்தான் போவாங்க" என்றார்.

அந்தப் பேச்சின் பொருளைத் தேடிப் போனபோதுதான், இம்மலையின் சரித்திரத்தில் பெரும்பகுதி தங்குமிடங்களின் சரித்திரம் என்பதைக் கண்டுகொண்டேன். 2,243 மீற்றர் உயரமான இம்மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவட்டை நாம் ஆதிபிதா ஆதம் நபியவர்களுடையது என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். இந்துக்களுக்கு அது சிவனொளிபாதம். புனித தோமையாருடையது என்று கொள்ளும் கிறிஸ்தவர்களும் உண்டு. உச்சியைப் பற்றிய இந்த வழக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறப்போனவர்கள் எங்கே தலைசாய்த்தார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு.

இதில் முதலிற் குறிப்பிட வேண்டியவர் 11ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னர். பாதத்தைத் தரிசிக்கப் போகும் யாத்திரிகர்கள் வழியிற் படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிப்பதற்காக கிலிமலை என்ற கிராமத்தை அவர் மானியமாக விட்டார் என்று சூளவம்சம் கூறுகிறது. ஊவாவிலிருந்து வரும் பாதையிலும் மற்றொரு பாதையிலும் தங்குமடங்களைக் கட்டுவித்து, அவற்றின் செலவுக்கென்றும் கிராமங்களை எழுதிவைத்தார். ஒரு மன்னர் மலைக்குச் செய்யக்கூடிய சிறப்பு உச்சியிலே பொன்வேலி போடுவதாக இருந்திருக்கலாம். இவரோ வழியிலே சோறும் கூரையும் கொடுத்தார்.

கினிகத்தேனைப் பக்கமுள்ள அம்பகமுவையில் இம்மன்னரின் கல்வெட்டு இருக்கிறது. அதிலே இன்னொரு செய்தியும் உண்டு. தாழ்ந்த சாதியார் என்று கருதப்பட்டோர் நின்று வணங்குவதற்காக, பாதத்தின் மேடைக்குக் கீழே வேறொரு மேடை அமைக்கப்பட்டதாம். இதை மறைத்துவிட்டு அக்காலத்தைப் புகழ்வது நேர்மையாகாது. உச்சியிலே மனிதர்களைப் பிரித்து நிறுத்தினார்கள். வழியிலே கட்டிய மடத்தைக் குறித்து அவ்வாறான பிரிவினை எதையும் நான் வாசிக்கவில்லை.

இனி நம்மவர்களுக்கு வருவோம். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் புத்தளம் கரையில் இறங்கினார். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி விளங்கியவர். என்ன வேண்டுமென்று கேட்ட மன்னரிடம், ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பதொன்றே தமது விருப்பம் என்று அவர் சொன்னார். மன்னர் பல்லக்கு கொடுத்தார். வருடந்தோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரண்மனை ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமப்பதற்குப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டினார்கள் என்பது இங்கு நோக்கத்தக்கது.

அவருடைய பயணநூலில் மலைவழியைப் பற்றிய பகுதியை வாசிக்கும்போது, தங்குமிடங்களின் அட்டவணையொன்றை வாசிப்பது போலிருக்கும். பாபா தாஹிர் குகை, ஸபீக் குகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்த ஸபீக் முஸ்லிமல்லாத ஓர் அரசர். வணக்கத்துக்காக ஒதுங்கி அக்குகையில் வாழ்ந்தவர் என்று அவரே எழுதுகிறார். மலைக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பாபாவின் வழி, அதாவது ஆதம் நபியின் வழி. மற்றது மாமாவின் வழி, அதாவது ஹவ்வா அம்மையின் வழி. மாமா வழி இலேசானது, திரும்புவதற்கு உரியது. அதனால் ஏறியவரை ஸியாரத் செய்தவராகக் கணக்கெடுப்பதில்லை. பாபா வழி கரடுமுரடானது. செங்குத்தான பாறையிலே பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவாராம்.

அதற்கு அப்பால் ஏழு மைல் தூரத்தில் ஹிள்ர் நபியின் பெயரால் ஒரு குகை இருந்தது. விசாலமான இடம், மீன்கள் நிறைந்த ஊற்று, அம்மீன்களை யாரும் பிடிப்பதில்லை. யாத்திரிகர்கள் தம் பொருட்களையெல்லாம் அக்குகையில் வைத்துவிட்டு, மேலும் இரண்டு மைல் ஏறிப் பாதத்தை அடைவார்கள். அங்கே மூன்று நாட்கள் தங்குவதும், அந்நாட்களில் காலையும் மாலையும் ஏறித் தரிசித்து இறங்குவதும் வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். மூத்தவாப்பா சொன்னது வெறும் கிழவர் பேச்சல்ல என்று இதை வாசித்த அன்று உணர்ந்தேன்.

அந்நூலில் வரும் மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். அவர் வருவதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முந்தியவர் ஷிராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கபீப். அவர் முப்பது பக்கீர்களோடு இம்மலைக்கு வந்தபோது வழிதவறிப் பட்டினி கிடந்தாராம். ஷெய்க் தடுத்தும் கேளாமல் பக்கீர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். அன்றிரவு யானைகள் வந்து, தின்றவர்களையெல்லாம் மோப்பம் பிடித்துக் கொன்றன. உண்ணாத ஷெய்க்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றிக் குடியிருப்புள்ள இடத்திலே இறக்கியது. அதிலிருந்து இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து, தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். யானைக் கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் 14ஆம் நூற்றாண்டிலே அந்நிய முஸ்லிம் ஒருவருக்கு இங்கே வீடுகள் திறந்திருந்தன என்பதும், அதற்கொரு காரணம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் கதையல்ல.

பிற்காலத்தில் பாதைகள் மாறின. பழைய யாத்திரை பெரும்பாலும் இரத்தினபுரிப் பக்கமிருந்தே சென்றது. கிலிமலை, பலாபத்தலை, ஹெரமிட்டிபான என்று தங்கித் தங்கி ஏறும் வழி அது. அம்பலங்கள் அவ்வழியில்தான் பெயர்பெற்றன. நான்கு தூண், ஒரு கூரை, உட்காரத் திண்ணை. கதவு என்பதே கிடையாது. தோட்டங்கள் பெருகி, 1880களில் ரயில் ஹட்டனுக்கு வந்தபின் நல்லதண்ணி வழி முன்னுக்கு வந்தது. அங்கே அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால், எஞ்சியது ஆயிரம் மீற்றரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளும்தான். பல நாள் யாத்திரை ஓரிரவுக்குச் சுருங்கியது. அம்பலத்தின் இடத்தை வாடகை அறை பிடித்தது. வாடகை அறைக்குக் கதவு உண்டு.

அந்தக் கதவைப் பற்றித்தான் எங்கள் ஆசிரியர் அறையின் வாதம் உண்மையில் நடந்தது. அதை நேராகச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

2004 டிசம்பர் 26 உந்துவப் போயா தினம். மலையின் பருவகாலம் தொடங்குகிற நாள். அன்று காலையில்தான் கடல் எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் இரவோடிரவாகப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் படுத்தன. அந்த நாட்களில் அம்பாறைப் பக்கமிருந்து சிங்கள மக்கள் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள். அதே அம்பாறை நகரின் பள்ளிவாசல் 2018 பெப்ரவரி 26இல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் திகன. 2019 ஏப்ரலில் நம் பெயர் கொண்ட சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்த கொலைகளுக்குப் பின், அறை கேட்டுத் தொலைபேசி எடுப்பதே ஒரு காரியமாகிவிட்டது.

எங்களுக்காகத் தொலைபேசி எடுத்த ஆசிரியர் தம் பெயரைச் சொல்லாமல் "கல்முனையிலிருந்து டீச்சர்மார் ஆறு பேர்" என்றார். முதலாவது இடத்தில், பெயரைக் கேட்டார்கள். சொன்னதும் அறை இல்லை என்றார்கள். உண்மையிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம், பருவகாலம். எதுவென்று நிச்சயிக்க முடியாத நிலைதான் இந்த ஆண்டுகள் நமக்கு விட்டுச்சென்றது.

இரண்டாவது, நல்லதண்ணியில் ஒரு வீடு. வீட்டுக்காரி வயதான சிங்களப் பெண். எங்கள் தொப்பியையும் தாடியையும் பார்த்தார். பிறகு கேட்டது இரண்டு கேள்விதான்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள்? இஷாவுக்குப் பின் படுத்தோம். இரண்டு மணிக்கு அவரே கதவைத் தட்டி எழுப்பி, சுடச்சுடப் பிளேன்ரீ தந்தார். மேலதிகமாகப் பணம் கொடுத்தபோது, மலைக்குப் போகிறவர்களிடம் வாங்குவதில்லை என்று அறைக்கூலியோடு நிறுத்திக்கொண்டார். விஜயபாகுவின் மானியக் கிராமத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது.

ஆறுதலாக ஏறினோம். எவருக்கும் கால் பிடிக்கவில்லை. தேநீர்க்கடையொன்றின் பக்கத்தில் தண்ணீர் கேட்டு வுழூ எடுத்து, சுபஹைத் தொழுதோம். கடைக்காரத் தமிழ்ப் பெடியன் அடுத்தடுத்து ஆட்களை விலக்கி இடம் பிடித்துக் கொடுத்தான். இம்முறை சூரியன் உதிப்பதைக் கண்டேன்.

மலைக்கு மாணவர்களை அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரே இரவில் ஓடிப்போய் ஓடிவராதீர்கள். ஹட்டனிலே நம்மவர் மத்தியில் தங்குவது பாதுகாப்பாகத் தோன்றலாம். அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் இயலுமானால் அடிவாரத்தில், பிறரோடு பிறராக ஒரு பகலும் ஓர் இரவும் தங்குங்கள். பாதம் யாருடையது என்ற கேள்விக்கு உச்சியிலே விடை கிடைக்காது. கீழே அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவுமில்லை. நாம் போகாமல் விட்டால், நமக்கு அங்கே இடமிருந்தது என்பதை இப்னு பதூதாவின் நூலிலே மட்டும்தான் நம் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

அடுத்த பருவத்துக்கு எங்கள் இளைய ஆசிரியர் இப்போதே திட்டம் போடுகிறார். இம்முறை இரத்தினபுரி வழியாம். பலாபத்தலையில் எங்கே தங்குவது என்று என்னைக் கேட்டிருக்கிறார்.