வண்டி நம்பரும் வீரனின் மனைவியும்



நம்பர் பிளேட்டைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து நிமிடம் நின்று வண்டிகளைப் பார்த்தாலே ஊர்ப்பாசம் புரிந்துவிடும். டிஎன் 42 என்றால் "நம்ம திருப்பூர் வண்டி", டிஎன் 37 என்றால் "கோயமுத்தூர்க்காரங்க". பேன்சி நம்பருக்காக லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தகரத் துண்டில் இவ்வளவு பெருமை இருக்கிறது என்றால், அதை யாருக்கெல்லாம் மரியாதையாகக் கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். தேடல் நம்பர் பிளேட்டில் தொடங்கி நடுகல் வரை போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் கால் இழந்து, கை இழந்து திரும்பிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கார் இல்லாமல் வேலைக்கே போக முடியாத நாடு அது. எனவே 1946 ஆகஸ்டில் ஒரு சட்டம் போட்டு, காலை இழந்த வீரர்கள் கார் வாங்க 1,600 டாலர் வரை அரசே கொடுத்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமும் உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கென்று தனி நம்பர் பிளேட் கொடுக்கத் தொடங்கியது. கட்டணச் சலுகை, பார்க்கிங் சலுகை எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுந்தது. அந்த வீரர் இறந்துவிட்டால் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமா? பல மாநிலங்கள் "வேண்டாம், மனைவியே வைத்துக்கொள்ளலாம்" என்று விதியை மாற்றின. ஆனால் ஒரு நிபந்தனையையும் சேர்த்தன. டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொண்டால், அந்தப் பெண் மறுமணம் செய்யாமல் இருக்கும் வரைதான் அந்த பிளேட் அவருக்கு. இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் உண்டா?

நேரடியாகச் சொன்னால், இல்லை. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914-ல் வந்தது, அடுத்து 1939-ல். இப்போது இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "டிஎன்" என்று மாநில எழுத்து இரண்டு, பிறகு அலுவலக எண் என்ற இன்றைய முறை அப்போது வந்ததுதான். இதில் சொந்த வண்டிக்கு வெள்ளை, வாடகை வண்டிக்கு மஞ்சள், மின்சார வண்டிக்குப் பச்சை என்று நிறப்பிரிவு உண்டு. ஆனால் வீரருக்கோ அவர் மனைவிக்கோ தனி பிளேட் கிடையாது.

ராணுவ வண்டிகளுக்கு மட்டும் தனி முறை. சூலூர் விமானப்படை நிலையம் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் பார்த்திருப்பீர்கள். மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து வண்டி வாங்கிய ஆண்டு, பிறகு எழுத்தும் எண்ணும். அந்த அம்பு பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. பல நூற்றாண்டுகளாக அரசாங்கச் சொத்து என்று காட்ட பீரங்கி முதல் சாக்குப் பை வரை அவர்கள் குத்திய முத்திரை அது. ஆக, அந்த அம்பு வண்டியைத்தான் குறிக்கும், மனிதனை அல்ல. ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வீரனின் வண்டியும் நம் வண்டி மாதிரிதான்.

2021-ல் "பிஎச்" வரிசை வந்தது. அடிக்கடி மாற்றலாகும் ராணுவத்தினர், அரசு ஊழியர் போன்றோர் மாநிலம் மாறும்போது மறுபடி பதிவு செய்ய வேண்டாம் என்பதற்காக. இது வசதிக்காக வந்தது, மரியாதைக்காக அல்ல. மரியாதைக்கென்று இருந்த ஒரே பிளேட், குடியரசுத் தலைவர், ஆளுநர் கார்களில் எண்ணே இல்லாமல் இருந்த சிங்க முத்திரைதான். அவற்றுக்கும் எண் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

அதனால் நம் மக்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்டிக்கர்! வண்டியில் "ராணுவம்" என்று ஒட்டிக்கொள்வது. அண்ணன் ராணுவத்தில் இருந்தால் தம்பி ஒட்டுவான், மாமா இருந்தால் மச்சான் ஒட்டுவான். சென்னையில் 2024 மே மாதம் முதல் போக்குவரத்துப் போலீசார் நம்பர் பிளேட்டில் இப்படி ஒட்டுவதற்கு அபராதம் போடத் தொடங்கினார்கள். தப்பில்லை, ஏமாற்றுக்காரர்களும் ஒட்டுகிறார்கள்தானே. ஆனால் உண்மையிலேயே உரிமை உள்ள ஒரு பெண்மணி எதை ஒட்டுவார்?

சுங்கச்சாவடியில் ஒரு பாடம்

கணியூர் டோல்கேட்டைத் தாண்டியவர்களுக்கு அங்கே இருக்கும் விலக்குப் பட்டியல் நினைவிருக்கும். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா, மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா பெற்றவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விருது பெற்றவர் தன் புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இந்த விருதுகளில் பல, வீரர் இறந்த பிறகு கொடுக்கப்படுபவை. இறந்தவர் எப்படி அட்டை காட்டுவார்? மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ராவை 2015 குடியரசு தினத்தன்று டெல்லியில் அவர் மனைவிதான் வாங்கினார். கல்வானில் 2020-ல் உயிர்விட்ட ராமநாதபுரம் ஹவில்தார் பழனியின் வீர் சக்ராவையும் அவர் மனைவிதான் வாங்கினார். அங்கே கைதட்டினோம். சாலை விதியோ விருது பெற்றவரைத் தவிர வேறு யாரையும் பார்த்து எழுதப்படவில்லை.

கொங்கு மண்ணின் பழைய பிளேட்

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். வீரனுக்கு அடையாளம் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? கல்லைத் தேடுவது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று நடுகல் வைப்பதற்கே படிப்படியாக முறை சொல்கிறது தொல்காப்பியம். நம் கோவை, திருப்பூர் பக்கக் கிராமங்களில் புலியோடு ஒருவன் ஈட்டி பிடித்து நிற்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். புலிக்குத்திக் கல் என்பார்கள். மாட்டுப்பட்டியைக் காக்கப் புலியோடு சண்டை போட்டவனின் கல் அது. இன்றும் பல ஊர்களில் அதற்கு எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறார்கள்.

கல்லோடு நிற்கவில்லை. இறந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்குக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். உதிரம், நெய்த்தோர் இரண்டும் ரத்தம்தான். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம்! இன்றைய குடும்ப ஓய்வூதியத்தின் பாட்டன் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் மனைவிக்கு? அவளுக்கும் கல் உண்டு, ஒரு நிபந்தனையோடு. கணவனோடு அவளும் தீயில் இறங்கியிருக்க வேண்டும். அப்படி இறந்தவளை வீரமாசதி என்றார்கள். அதுதான் நம் பேச்சில் "வீரமாத்தி" ஆகி, கொங்கு நாட்டில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வமாகவே நிற்கிறது. வீரமாத்தியைக் கும்பிடுகிறோம், சரி. ஆனால் தீயில் இறங்காமல், பிள்ளைகளை வளர்த்து, காட்டை உழுது, அறுபது வயது வரை வாழ்ந்த வீரனின் மனைவிக்கு ஒரு கல்லும் இல்லை. இறந்தால் தெய்வம், வாழ்ந்தால் விதவை!

கம்பெனி அரசு 1829-ல் வங்காளத்திலும் 1830-ல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டையைத் தடை செய்தது. 1856-ல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. பள்ளிப் பாடத்தில் அதைப் பெரிய சீர்திருத்தம் என்று படித்தோம், உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவனின் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும் என்றது. டெக்சாஸ் பிளேட் ஞாபகம் வருகிறதா?

பென்ஷன் கணக்கு

1971 போருக்குப் பிறகு, 1972-ல் போரில் இறந்தவர்களின் மனைவிகளுக்கு உயர்ந்த விகிதத்தில் ஓய்வூதியம் கொடுக்க அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டு மோகினி கிரி முன்னின்று போர் விதவைகள் சங்கத்தையும் தொடங்கினார். இன்று பொதுவாக மூன்று படிகள். போர்க்களத்தில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதும். பணியின் காரணமாக இறந்தால் 60 சதவீதம். மற்றபடி சாதாரண மரணம் என்றால் 30 சதவீதம்.

இதில் ஊனமுற்ற வீரரின் மனைவி எங்கே வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் இருபத்தைந்து வயதில் கண்ணிவெடியில் காலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இருக்கும் வரை ஊனத்துக்கான தொகை சேர்ந்து வரும். அவர் போனதும் அது நின்றுவிடும். பழைய காயத்தாலேயே இறந்தார் என்று காட்ட முடிந்தால் உயர்ந்த விகிதம் கிடைக்கும். முப்பது வருடம் கழித்து மாரடைப்பில் இறந்தால் சாதாரண விகிதம்தான். அந்த முப்பது வருடமும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் யார்? அந்த அம்மாவின் உழைப்புக்குக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை. களத்தில் இறந்தவரின் மனைவியை "வீர நாரி" என்று மேடையில் ஏற்றுகிறோம். காயத்தோடு வாழ்ந்தவரின் மனைவியை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அமெரிக்க பிளேட்டில் எனக்குப் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான். அது இந்தப் பெண்ணைக் கண்டுகொள்கிறது.

மறுமணம் என்ற முள்

வீரப் பதக்கங்களோடு மாதாமாதம் ஒரு தொகையும் உண்டு. வீரர் இறந்தால் அது மனைவிக்கு வரும், அவர் மறுமணம் செய்யும் வரை. 1995-ல் இதைத் தளர்த்தினார்கள். எப்படித் தெரியுமா? இறந்த கணவனின் தம்பியையோ அண்ணனையோ திருமணம் செய்துகொண்டால் தொகை தொடரும்! இருபது வயதுப் பெண்ணிடம் "கொழுந்தனைக் கட்டினால் பணம், வேறு யாரைக் கட்டினாலும் இல்லை" என்று அரசாணை சொன்னது. பணம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற எண்ணம் எந்த வீட்டில் இருந்தாலும், அதற்கு அந்த ஆணை துணைபோனது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது.

இருபத்திரண்டு வருடம்! அமெரிக்காவிலும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. அங்கே வீரரின் மனைவிக்கான உதவித்தொகை, 55 வயதுக்குப் பிறகு மறுமணம் செய்தால் தொடரும் என்று 2021-ல்தான் வயதைக் குறைத்தார்கள். அதற்கு முன் அது 57.

முடிவாக...

நம் ஊரிலும் தனி நம்பர் பிளேட் வேண்டுமா என்று கேட்டால், என் பதில்: வந்தால் நல்லது, ஆனால் அதுவே முதல் தேவை அல்ல. டோல்கேட் விதியில் "விருது பெற்றவர் அல்லது அவர் மனைவி" என்று சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஊனமுற்ற வீரரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சாதாரண விகிதத்தை விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் நியாயம்தான். பிளேட் கொடுக்கும் நாள் வந்தால், "மறுமணம் செய்யாத வரை" என்ற வரி மட்டும் அதில் இருக்கக்கூடாது. அவர் செய்த சேவை ஏற்கெனவே நடந்து முடிந்தது. பிறகு அவர் யாரைக் கல்யாணம் செய்தாலும் அது இல்லை என்று ஆகிவிடுமா?

டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. பள்ளியில் நாம் எல்லோரும் காசு கொடுத்துக் கொடி வாங்கிச் சட்டையில் குத்தியிருப்போம். அந்தக் காசு படைவீரர் குடும்பங்களுக்கும் போகிறது. அடுத்த முறை குத்தும்போது, எல்லையில் நிற்பவரோடு சேர்த்து, வீட்டில் அவர் சக்கர நாற்காலியைத் தள்ளிய அந்த அம்மாவையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோமே.