55 வயதும் ஒரு விசாவும்: ஊருக்குத் திரும்பிய பென்சனியர்களின் கதை

எங்கட ஒழுங்கையில் இருக்கிற லண்டன் ஐயாவின் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குது. நல்ல நாள், கரிநாள், அட்டமி, நவமி எல்லாம் அதில் அச்சிட்டபடி இருக்கு. ஒரேயொரு திகதியைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கு. அது அவருடைய விசா முடியும் நாள்.

போன மாதம் விசா நீடிப்புக்கு விண்ணப்பிக்க எங்களைக் கூப்பிட்டார். அவருக்குப் போனில் எழுத்துத் தெரியாது. நாங்கள் இரண்டு பேர் விறாந்தையில் இருந்து படிவத்தை நிரப்பினோம். நாட்டினம்: பிரித்தானியர். பிறந்த இடம்: யாழ்ப்பாணம். இலங்கையில் தங்கும் முகவரி: அவர் பிறந்த அதே வளவு. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டோம்.

“என்ன ஐயா போடுறது?”

“இருக்க வந்தனான் எண்டு போடு தம்பி.”

அப்படியொரு தெரிவு அந்தப் படிவத்தில் இல்லை. சுற்றுலா என்று போட்டோம். ஐயா சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தன்ர கிணற்றில் தண்ணி அள்ளிக் குடிக்கிற மனுசன் எப்பிடிச் சுற்றுலாப் பயணி ஆனார்? அதைத் தேடப் போன இடத்தில் எங்களுக்குக் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

விசா இல்லாமல் வந்தவர்கள்

வேலை செய்தது ஒரு நாட்டில், ஓய்வுகாலம் இன்னொரு நாட்டில் என்ற வாழ்க்கை யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. எங்கட பூட்டன்மாருக்கு அது நல்லாய்த் தெரிந்த வாழ்க்கை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் கிளாக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் நில அளவைப் பகுதி ஊழியர்களாகவும் அங்கே போனார்கள். ஊரில் வந்து கலியாணம் கட்டினார்கள். மாதாமாதம் மணியோடர் அனுப்பினார்கள். 55 வயதில் ஓய்வுபெற்று, பென்சனோடு கப்பலேறி ஊருக்கு வந்து வீடு கட்டினார்கள். சில ஊர்களில் இன்றைக்கும் அகன்ற விறாந்தையும் உயர்ந்த தூண்களும் உள்ள பழைய வீட்டைக் காட்டி, “அது மலாயன் பென்சனியற்ற வீடு” என்று சொல்லுவினம்.

அந்த மலாயன் பென்சனியர் ஊருக்கு வர விசா கேட்கவில்லை என்பதைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். இலங்கையும் மலாயாவும் ஒரே முடியின் கீழ் இருந்தன. இரண்டு இடத்திலும் அவர் பிரித்தானியக் குடிமகன், அதாவது முடிக்குக் கீழ்ப்பட்டவர். 30 வருசம் கோலாலம்பூரில் இருந்துவிட்டு வந்து கோயில் திருவிழாவில் நின்றால், எப்ப திரும்பிப் போறியள் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. அது பேரரசின் கருணை இல்லை. தன் நிர்வாகத்துக்கு ஆள் வேண்டுமென்பதால் அது கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனாலும் கதவு திறந்துதான் இருந்தது.

அந்த வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை யுத்தம் காட்டியது. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1945 இல் ஜப்பான் சரணடையும் வரை மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த மணியோடர் நின்றுபோனது. அதை நம்பி அடுப்பெரித்த வீடுகள் தோட்டத்தையும் நகையையும் நம்பி இருக்க வேண்டி வந்தது. வெளிநாட்டுக் காசு வரும் என்று இருக்கிற எந்த ஊருக்கும் அது இன்றைக்கும் ஒரு பாடம்.

1948: ஊர் வேறு, நாடு வேறு

சுதந்திரத்தோடு அந்தக் கதவுக்குப் பூட்டு வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்திருந்தாலே போதும் என்ற நிலை இல்லாமல் போனது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமென்றால் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்குத் தகப்பனும் தகப்பன்வழிப் பேரனும் இங்கே பிறந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேரனும் பூட்டனும். தாய் எங்கே பிறந்தார் என்று சட்டம் கேட்கவே இல்லை. விருப்பத்தோடு வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்றும் அது சொன்னது. அடுத்த வருசம் நவம்பரில் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வதிவிட விசா, விசா முடியும் திகதி என்ற சொற்கள் எங்கட வாழ்க்கைக்குள் வந்தது அப்போதுதான்.

மலாயா பென்சனியர்கள் இதில் பெரும்பாலும் தப்பினார்கள். அவர்களுடைய தகப்பனும் பேரனும் வடக்கில் பிறந்தவர்கள். கோயில், காணி உறுதி, பதிவுப் புத்தகம் எல்லாம் சாட்சி சொன்னன. அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்த சா. ஜே. வே. செல்வநாயகம்கூட 1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்தவர். அவரைப் போன்றவர்களுக்குப் பேரனின் பிறந்த இடம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

மலையகத்தில் நடந்தது வேறு. அங்கேயும் ஒருவர் வாழ்நாள் முழுக்க உழைத்து ஓய்ந்தார். அவருடைய தகப்பனும் இங்கேயே பிறந்திருக்கலாம். ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இருந்ததா, அதை யார் எடுத்து வைத்தார்கள்? அதே சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரைக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் பார்த்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தது. இந்தியக் கடவுச்சீட்டுக் கிடைத்தவர்கள் தாங்கள் பிறந்த தோட்டத்திலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். வேலை முடிந்ததும் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு, கண்டிராத ‘சொந்த ஊருக்கு’ப் போக வேண்டியவர்கள். 1984 இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது பலர் இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே சட்டம். எங்கட பூட்டன் பென்சனோடு விறாந்தையில் இருந்தார். தேயிலை பறித்து ஓய்ந்த கிழவிக்கு லயத்தின் ஒரு காம்பரா கூட உறுதியில்லை. லண்டன் ஐயாவின் விசாவைப் பற்றிக் கவலைப்படுகிற எங்களுக்கு இந்தக் கதையை வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. இதை எழுதும்போது அதுவும் எங்களை உறுத்துது.

திரும்பி வருகிறவர்களின் காலம்

1983க்குப் பிறகு போனவர்கள் வேறு மாதிரிப் போனார்கள். பென்சன் எடுக்கிற யோசனையோடு அல்ல, உயிரைக் கொண்டுபோகிற யோசனையோடு. பிறகு அந்தந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தார்கள். எடுத்த நாளோடு, பலருக்கு அது தெரியாமலே, இலங்கைக் குடியுரிமை போனது.

1987 இல் ஒரு திருத்தச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. விண்ணப்பிக்கக்கூடிய பிரிவுகளில் ஒன்று 55 வயதைத் தாண்டியவர்கள். மலாயா பென்சனியருக்கு வீட்டுக் கதவைத் திறந்த அதே வயது. ஆனால் யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பத் தொடங்கிய 2011 இல் அந்த நடைமுறை நிறுத்தப்பட்டது. 2015 இல்தான் மீண்டும் தொடங்கியது. நாலு வருசம் என்பது இளம் ஆட்களுக்குச் சின்னக் காலம். எழுபது வயதுக்காரருக்கு அப்படியில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்ப வந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டது. அந்த மாதங்களில் கனடாக் கடவுச்சீட்டோடு வந்த ஒரு தாய், தான் பிறந்த வீட்டுக்குப் போக அமைச்சிடம் அனுமதி எடுக்க வேண்டும். ஓமந்தையில் அந்தக் கடதாசியைக் காட்ட வேண்டும்.

வசதியானவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கென்று ‘மை ட்ரீம் ஹோம்’ என்றொரு விசாவை அரசு கொண்டுவந்தது. வங்கியில் 15,000 டொலர் வைப்பு, மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கனவு வீடு என்று பெயர். எங்கட ஐயாவுக்குக் கனவு வேண்டாம், வீடு ஏற்கெனவே இருக்கு. அந்த வீடும் தகப்பன் வழி வந்தது நல்லதாய்ப் போச்சு. 2014 ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்க முடியாது, உரித்தாக வருவதற்கு விலக்கு உண்டு.

உறைந்துபோன பவுண்

விசாவோடு கதை முடியவில்லை. காசு எங்கேயிருந்து வருது என்பது இன்னொரு சிக்கல்.

பிரித்தானிய அரச பென்சன் வருசா வருசம் கூடும். ஆனால் இலங்கையில் வந்து நிரந்தரமாக இருந்தால் கூடாது. வந்த நாளில் என்ன தொகையோ அதிலேயே உறைந்து நிற்கும். 2011 இல் முழு அடிப்படைப் பென்சன் கிழமைக்கு 102.15 பவுண். அந்த வருசம் ஊருக்கு வந்து இருந்தவருக்கு இன்றும் அதுதான். லண்டனிலேயே இருந்த அவருடைய நண்பருக்கு 2024 இல் 169.50 பவுண். இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே அளவு தேசிய காப்புறுதி கட்டியவர்களாகக்கூட இருக்கலாம். பிலிப்பைன்சுக்கும் ஜமேக்காவுக்கும் போனவர்களுக்குப் பென்சன் கூடும். அந்த நாடுகளோடு ஒப்பந்தம் இருக்கு. இலங்கை, இந்தியா, கனடா, ஒஸ்திரேலியாவுக்குப் போனவர்களுக்குக் கூடாது.

தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெற் கார்சன் என்ற பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2000 ஆம் ஆண்டில் இருந்து அவருடைய அடிப்படைப் பென்சன் 67.50 பவுணிலேயே நின்றது. பிரபுக்கள் சபை 2005 இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயமும் 11க்கு 6 என்ற கணக்கில் அதையே சொன்னது. உள்நாட்டில் இருப்பவரோடு வெளிநாட்டில் இருப்பவரை ஒப்பிட முடியாதாம்.

கனடாவில் கணக்கு வேறு. 18 வயதுக்குப் பிறகு 20 வருசம் அங்கே வாழ்ந்திருந்தால்தான் முதியோர் பென்சனை வெளிநாட்டில் இருந்துகொண்டு தொடர்ந்து எடுக்கலாம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிற்கும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைக்கிற மேலதிகத் தொகை, எத்தனை வருசம் அங்கே வாழ்ந்திருந்தாலும் ஆறு மாதத்தோடு நிற்கும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதிக்குப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே நிற்க வேண்டும். அதனால்தான் எங்கட கனடா அம்மம்மாமார் கோயில் திருவிழாவுக்கு வந்து, குளிர் தொடங்க முதல், மனமில்லாமல் திரும்பிப் போகினம். பிள்ளைகள் பாசத்தில் கூப்பிடுகினம் என்று ஊர் நினைக்கும். பாதி உண்மை, மற்றப் பாதி அந்த 153.

பிறகு அந்தக் கடித உறை இருக்கு. உயிரோடு இருக்கிறீரா என்று கேட்டு வருகிற உயிர்வாழ் சான்றிதழ். குறித்த காலத்துக்குள் சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பென்சன் நிற்கும். இலங்கை அரச பென்சனியர் இதற்கு விதானையாரிட்டப் போனால் காரியம் முடியும். வெளிநாட்டுப் பென்சனியருக்குத் தபால் தாமதமானாலே ஒரு மாத மருந்துக் காசு ஆபத்து.

இருக்க வந்தவர்கள்

ஐயா இரட்டைக் குடியுரிமைக்கு ஏன் போடவில்லை என்று கேட்டோம். போடத்தான் வெளிக்கிட்டவர். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துபோச்சு. பிரதி எடுத்தால் அதில் பெயர் ஒரு எழுத்து மாறி இருக்கு. கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்த ஒரு சத்தியக்கடதாசி, பிறகு இன்னொரு அலுவலகம். “அதுக்குள்ள நான் போயிடுவன்” என்றார். லண்டனுக்கு என்று நாங்கள் நினைத்தோம். அவர் அதைச் சொல்லவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு என்ன சொல்லுது? பேரரசுக் காலம்தான் நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஒரு ஆள் எங்கே முதுமையடையலாம் என்பதை அவருடைய உழைப்போ அவருடைய ஊரோ தீர்மானிப்பதில்லை. யார் எந்த வருசம் எந்தக் கடதாசியை வைத்திருந்தார்கள் என்பதுதான் தீர்மானிக்குது. 1948 இல் அந்தக் கடதாசி எங்கட ஆட்களிடம் இருந்தது, மலையகத்தாரிடம் இருக்கவில்லை. இன்றைக்கு எங்கட ஐயாவிடமே இல்லை. விசா நியாயமில்லை என்று நாங்கள் கோபப்படுகிறோம் என்றால், அந்தக் கோபம் 1948 வரைக்கும், தோட்டத்து லயம் வரைக்கும் போக வேண்டும். இல்லையென்றால் அது வெறும் வீட்டுக் கோபம்.

செய்யக்கூடிய சின்ன வேலையும் இருக்கு. உங்கட வீட்டு முதியவர்களின் பிறப்புச் சான்றிதழ், அவர்களின் தகப்பன்மாரின் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டுகள் எல்லாம் எங்கே இருக்கு என்று இந்தக் கிழமையே கேளுங்கோ. பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கோ. பிரதி எடுத்து வையுங்கோ. வெளிநாட்டுப் பென்சன் எடுப்பவர் என்றால் அந்தக் கடித உறைக்கு ஒரு கண் வைத்திருங்கோ.

ஐயாவின் விசா நீடிப்புக் கிடைத்தது. மின்னஞ்சல் வந்த அன்று நாங்கள் போய் அதை வாசித்துக் காட்டினோம். அவர் நாட்காட்டியின் தாள்களைப் புரட்டி, புதிய திகதியைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டார். பிறகு வளவுக்குள் இறங்கி மாமரத்துக்குத் தண்ணி விடப் போனார். அது போன வருசம் நட்ட மரம். காய்க்க இன்னும் மூன்று நாலு வருசம் ஆகும்.