குரல் ஒருவர், முகம் ஒருவர்

தமிழ்ப் படம் பேசக் கற்றுக்கொண்ட அன்றே பாடவும் கற்றுக்கொண்டுவிட்டது. உண்மையைச் சொன்னால், பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம். 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி சென்னையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. கதை மகாகவி காளிதாசனைப் பற்றியது. பாட்டுக்களிலோ தியாகராஜ கீர்த்தனைகளும் இருந்தன! காளிதாசனுக்கு ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் பிறந்தவர் தியாகையர் என்று கொட்டகையில் யார் கணக்குப் பார்த்திருக்கப் போகிறார்கள்? டி. பி. ராஜலக்ஷ்மியின் வாய் அசைகிறது, பாட்டு காதில் விழுகிறது. அதுவே பெரிய அதிசயம். சொல்லுக்கும் காட்சிக்கும் பொருத்தம் தேடுவதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு வருகிற ஆசை.

அந்தக் காலத்தில் நடிப்பவரே பாடவேண்டும், படம் பிடிக்கும்போதே பாடவேண்டும். ஹார்மோனியக்காரரும் தபேலாக்காரரும் மரத்துக்குப் பின்னாலோ புதருக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். கதாநாயகி நடந்தால் அவர்களும் காமிராவின் கண்ணில் படாமல் நகரவேண்டும். மைக்கை விட்டு விலகினால் குரல் தேய்ந்துவிடும். ஆகவே நாயகி தூண் மாதிரி நின்றாள். காமிராவும் அவளுக்கு எதிரே இன்னொரு தூணாக நின்றது. பழைய படங்களில் காதலர்கள் அசையாமல் நின்று பாடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விடுதலை கல்கத்தாவிலிருந்து வந்தது. 1935-ல் நியூ தியேட்டர்ஸார் நிதின் போஸின் 'பாக்ய சக்ர'வில் பாட்டை முன்னதாகவே பதிவு செய்து, அதற்கேற்ப நடிகர்களை வாயசைக்கச் செய்தார்கள். 1938-ல் ஏவி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கடராமனின் குரலைக் கொடுத்தார். ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது 1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி'தான். வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. அவரே பாடியிருந்தார். படம் முடிந்த பிறகு போட்டுப் பார்த்த மெய்யப்பனுக்கு அந்தக் குரல் திருப்தி அளிக்கவில்லை. பி. ஏ. பெரியநாயகியை அழைத்து, பாட்டுக்களை மறுபடியும் பாடச் செய்து, ருக்மணியின் உதடுகளில் பொருத்திவிட்டார். வழக்கமாகப் பாட்டைக் கேட்டு வாய் அசையும். இங்கே முன்பே அசைந்து முடிந்த வாயைப் பார்த்துக்கொண்டு பெரியநாயகி பாடவேண்டியிருந்தது. எடுத்த மூச்சுகூடத் தம்முடையதல்ல! படம் அமோகமாக ஓடிற்று. மெய்யப்பனின் காது தப்புச் செய்யவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் கொட்டகையின் இருட்டில் தன் முகத்திலிருந்து வேறொருத்தியின் குரல் வருவதை அந்த இளம்பெண் எப்படிக் கேட்டிருப்பாள்? கதை எழுதுகிறவன் புத்தி, அங்கேதான் போய் நிற்கிறது.

படச்சுருளின் அமைப்பிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஓரத்தில் கோடாகப் பதிந்திருக்கும் ஒலி, தனக்குரிய காட்சிக்கு நேராக இராது. சுமார் 20 கட்டங்கள் முன்னால் இருக்கும். ஒளி விழும் இடம் வேறு, ஒலியைப் படிக்கும் இடம் வேறு. இரண்டும் ஒன்றென்று நமக்குத் தோன்றுவது இயந்திரத்தின் சாமர்த்தியம்.

வாயும் குரலும் பிரிந்ததும் காமிராவுக்குக் கால் முளைத்தது. பல்லவி மலையில், சரணம் கடற்கரையில் என்று ஓட ஆரம்பித்தது. கூடவே ஒரு வியாதியும் வந்தது. நிலா என்று பாடினால் நிலா, மலர் என்று பாடினால் மலர். அகராதிக்குப் படம் போட்டாற்போல! என் சிறு வயதில் தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை தோறும் 'ஒலியும் ஒளியும்' வரும். வீட்டார் திட்டுவதைப் பொருட்படுத்தாமல் சில பாட்டுக்களுக்கு ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பேன். பாதிக்கு மேல் வெறும் தேகப் பயிற்சியாகவே தெரிந்தன.

தெரியாத ஒன்றும் உண்டு. 1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் கணவன், தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பதிலாகப் பாடுகிறாள். கண்ணதாசனின் சொல், சுசீலாவின் குரல், தேவிகாவின் முகம். மலையும் இல்லை, கடலும் இல்லை. ஓர் அறை, ஒரு கட்டில். வின்சென்டின் காமிரா அந்தக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து போகிறது. எந்தச் சொல்லுக்கும் அது படம் காட்டவில்லை. எங்கே போவது என்று தெரியாத ஒரு மனத்தைப் போல அலைகிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணாகிவிட்டார்கள் என்ற நினைவே பார்க்கிறவருக்கு எழுவதில்லை.

டி. எம். சௌந்தரராஜன் வேறொரு வித்தை செய்தார். சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம். ஜி. ஆருக்கு ஒரு விதமாகவும் பாடினார். ரேடியோவில் கேட்டவர்கள் திரையில்லாமலே முகத்தைக் கண்டுகொண்டார்கள். இதைவிடச் சிக்கனமான படப்பிடிப்பு ஏது?

இப்போது படம் வருவதற்கு முன்பே பாட்டு யூட்யூபில் வந்துவிடுகிறது. பாட்டின் எழுத்துக்கள் தாளத்துக்கு ஏற்பத் திரையில் குதிக்கின்றன. எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. ஆனால் நடுநடுவே ஒலிப்பதிவு அறையில் மைக்கின் முன் பாடகி நிற்பதைக் காட்டுகிறார்கள். கண்ணை மூடுகிறாள், கையை விரிக்கிறாள், ஒரு சங்கதி சரியாக விழுந்ததும் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன். ருக்மணியின் உதடுகளைப் பார்த்துப் பெரியநாயகி பாடியதை அன்று யாராவது இப்படிப் படம் பிடித்து வைத்திருந்தால், 'ஸ்ரீவள்ளி'யைவிட அதற்குத்தான் நான் முதலில் டிக்கட் வாங்குவேன்.