கடன் நோட்டும் கணக்குப் புத்தகமும்



உரம், விதை, பூச்சி மருந்து பற்றிப் பேச வேண்டிய ஆள் கடன் சரித்திரம் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீங்க. களத்து மேட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது புரோநோட்டில்தான் போய் நிற்கிறது. கடன் கொடுத்தவரோடு கோர்ட்டில் நிற்பதா, உட்கார்ந்து பேசித் தீர்த்துக் கொள்வதா என்று பல பேர் கேட்கிறீர்கள். பேசித் தீர்ப்பது நல்லதுதான். ஆனால் எப்படிப் பேசினால் கடன் தீரும், எப்படிப் பேசினால் தீராது என்பதில் நம் நாட்டுக்கு 150 ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதில் கொஞ்சம் இன்று பார்ப்போம்.

முதலில் மராட்டியப் பகுதிக்குப் போகலாம். பூனா மாவட்டத்தில் சூபா என்று ஒரு சந்தை ஊர். 1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடைகளில் புகுந்தார்கள். தானியமும் கொள்ளை போயிற்று. ஆனாலும் அவர்கள் குறி கடன் பத்திரத்தின் மேலும் கணக்குப் புத்தகத்தின் மேலும்தான். அவற்றைப் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பக்கத்து அகமதுநகர் மாவட்டத்துக்கும் இது பரவிற்று. பத்திரத்தைத் தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்ட சாவுகார்மேல் பெரும்பாலும் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேணும்.

அவர்களுக்குக் காகிதத்தின்மேல் ஏன் அத்தனை கோபம்? அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி வரத்து நின்றுபோக, பம்பாய்ப் பருத்திக்கு விலை ஏறிற்று. சாவுகார்கள் வலியவந்து முன்பணம் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் விலை இறங்கிற்று. கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டு பாக்கியைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதே சமயத்தில் சர்க்கார் நிலவரியையும் உயர்த்தியது.

இதற்கு நடுவே ஒரு சட்டம். கடன் பத்திரம் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும் என்று 1859-இல் காலவரம்பு கொண்டு வந்தார்கள். வட்டி ஏறிக்கொண்டே போகாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது வேறு. மூன்று வருஷம் முடியும் தறுவாயில் சாவுகார், அசலும் வட்டியும் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். பழைய வட்டி புது அசலாயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 100 ரூபாய் கடன், மாதம் 100-க்கு 2 ரூபாய் வட்டி. தனி வட்டியானால் 9 வருஷத்தில் 316 ரூபாய். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நோட்டைப் புதுப்பித்தால் முதல் தடவை 172, இரண்டாம் தடவை 295 ரூபாய் 84 காசு, மூன்றாம் தடவை ஏறக்குறைய 509 ரூபாய். கையில் வாங்கியதோ அதே 100 ரூபாய்தான். இடையில் கட்டின பணத்துக்கு ரசீதும் கிடையாது. கைநாட்டு வைத்தவருக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. கோர்ட்டில் பிராது போட்டால், பத்திரத்தைப் பார்த்து அப்படியே டிக்ரி!

கலகத்துக்குப் பிறகு விசாரணைக் கமிஷன் வைத்து, 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தார்கள். பூனா, சத்தாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நாலு மாவட்டங்களுக்கு. என் அபிப்பிராயத்தில் நம் நாட்டுக் கடன் சட்டங்களில் இதுதான் அடிப்படையைத் தொட்டது. கோர்ட்டு கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கடன் பிறந்த நாளிலிருந்து கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்றது. அசலைத் தனியாகவும் வட்டியைத் தனியாகவும் கணக்கிடச் சொன்னது. கட்டின பணத்துக்கு ரசீது கேட்கிற உரிமை, கடன் பாக்கிக்காக ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்ற பாதுகாப்பு, எல்லாம் அதில் உண்டு.

அதோடு சமரசர் என்று ஓர் ஏற்பாடும் செய்தார்கள். பிராது போடுமுன் இரண்டு கட்சியும் அவரிடம் போக வேண்டும். ராஜி ஏற்பட்டால் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். ஏற்படாவிட்டால் அவர் ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதைக் கொண்டு பிராது போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரமாட்டேன் என்பவரை வரவழைக்கவோ, இறங்கமாட்டேன் என்பவரை இறங்கச் செய்யவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. விவசாயி கையில் கொடுக்கக் காசும் இல்லை. நிறையப் பேருக்கு அந்தச் சமரசம் சான்றிதழ் வாங்குகிற சடங்காகத்தான் ஆகிப்போயிற்று.

சரி, காசு இருந்தால் என்ன நடக்கும்? அதற்குக் கத்தியவாரில் இருந்த பவநகர் சமஸ்தானத்தைப் பார்க்க வேண்டும். 1929-க்குப் பிறகு உலகம் முழுக்க விளைபொருள் விலை விழுந்துபோன காலம். விலை பாதியானால் பழைய கடன் தானாகவே இரண்டு பங்காகிவிடுகிறது, இல்லீங்களா? பவநகரில் நிர்வாகத் தலைவராக இருந்தவர் சர் பிரபாசங்கர் பட்டணி. சமஸ்தானமே ஆட்களைப் போட்டு, ஊர் ஊராக விவசாயிகளின் கடன் கணக்கைத் திறந்து பார்த்தது. லேவாதேவிக்காரர்கள் கேட்ட தொகை 86 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பேசி முடித்தது 20 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம். ரூபாய்க்கு நாலணா கூட முழுசாக இல்லை! அந்தத் தொகையைச் சமஸ்தானம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, விவசாயிகளிடம் பிறகு தவணையில் வசூலித்துக்கொண்டது.

முக்கால் பங்குக்கு மேல் விட்டுக் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்களே, தர்ம சிந்தையாலா? கெட்ட காலத்தில் கைக்கு வராத 86-ஐ விடக் கைக்கு வருகிற 20 மேல் என்று அவர்களுக்கும் கணக்குத் தெரியும். கேட்ட தொகையில் வட்டிக்கு வட்டியாக ஏறினது எவ்வளவு என்பதும் தெரியும்.

நம் சென்னை மாகாணத்திலும் அதே காலத்தில் இதே கஷ்டம்தான். கிராமக் கடன் 1930-இல் 150 கோடி ரூபாய் என்றும், 1935-இல் 200 கோடி என்றும் மதிப்பிட்டார்கள். 1936-இல் சென்னைக் கடன் சமரசச் சட்டம் வந்து, சமரச மன்றங்கள் அமைந்தன. தவணை போட்டுக் கொடுப்பார்கள்; ஆனால் ரொக்கம் கொடுக்க அங்கே யாரும் இல்லை. தானியம் விலை போகாத வருஷத்தில் தவணை எப்படிக் கட்டுவது?

பிறகு 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தின கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு பங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகும். சட்டமே இவ்வளவு தள்ளிக் கொடுக்கும்போது சமரச மன்றத்துக்குப் போக யாருக்கு மனம் வரும்? ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடிச் சட்டம் பழைய கடனைக் குறைக்கும். அடுத்த பட்டத்துக்கு யார் கடன் தருவார் என்பதற்குப் பதில் சொல்லாது. ராஜி அப்படியில்லை, நேராகப் பேசித் தீர்த்தவரிடம் மறுபடி போய் நிற்க முகம் இருக்கும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். குஜராத்தில் ஜுனாகட் மாவட்டம் உனாவில் 1982 மார்ச் 14-இல் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் கூடிற்று. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9-இல் அமலுக்கு வந்து அதற்குச் சட்ட பலம் கொடுத்தது. கேஸ் நடந்துகொண்டிருந்தாலும் கொண்டு போகலாம், கேஸ் போடுமுன்பும் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. ஏற்கனவே கட்டின கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது டிக்ரி மாதிரி, அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே மாசி மாதம் அறுவடை ஆகிறவர் ஐப்பசியில் தவணை கட்டுகிறேன் என்று தலையாட்டி விடாதீங்க. தவறினால் நேராக ஜப்திக்கு வரலாம்.

பேச உட்காரும்போது கடைசி நோட்டோடு நிற்க வேண்டாம். முதலில் வாங்கின அசல் எவ்வளவு, எந்தத் தேதியில், இதுவரை கட்டியது எவ்வளவு என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்க. "ஒரு கையெழுத்துப் போடு, மீதியை அப்புறம் பேசலாம்" என்றால் யோசியுங்க. காலவரம்பு இன்றைக்கும் மூன்று வருஷம்தான். கடனை ஒப்புக்கொண்டு கெடு முடிவதற்குள் போடுகிற கையெழுத்து, அந்த மூன்று வருஷத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். தக்காணத்துப் பழைய கதைதான்.

கையில் திரட்ட முடிந்த ரொக்கம் எவ்வளவு என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது. குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு முழுக் கடனும் தீர்ந்தது என்று கொடுத்தவர் ஒப்புக்கொண்டால், சட்டப்படி அது செல்லும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவில் இருக்கிற உதாரணமே 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு முடித்த கதைதான். சூபாவில் தீ வைப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே இது சட்டத்தில் இருந்தது. விவசாயிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பாங்குக் கடனை ஒரே தவணைத் தீர்வில் முடிக்கிறவர்கள், கடன் தகவல் பதிவேட்டில் முழுசாகக் கட்டியதாக இல்லாமல் பேசி முடித்ததாகத்தான் பதியும் என்பதையும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சலாகலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

பணம் கொடுத்த அன்றே, முழுக் கடனும் தீர்ந்தது என்று எழுதி, கையெழுத்து வாங்கி, புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்க. நிலம் அடமானத்தில் இருந்தால் மூலப் பத்திரத்தை வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தும் பதிவு செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க.