பொன்னெழுத்து ஏடுகளும் நம் பங்கின் பதிவேடும்



இந்த ஜூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோவில் எழுந்த வரலாற்றையும், மணிக்கூண்டு கட்டிய வரலாற்றையும், இங்கே பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசையையும் நமது உபதேசியார் வேறு பக்கங்களில் செவ்வனே எழுதியுள்ளார். அவர் எழுதியதையே நாமும் எழுதுவது முறையன்று. ஆகவே நம் பங்கு மனை அலமாரியிலிருந்து தொடங்கி, பிரான்சு தேசம் வரை ஒருமுறை போய் வரலாம் என்று எண்ணினோம்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டியம்மாள் நம்மிடம் வந்தார். ஆதார் அட்டையில் எவரோ ஊகித்துப் போட்ட வயது, உண்மை வயதைவிடப் பத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதனால் முதியோர் உதவித்தொகை கிட்டவில்லை. "சாமி, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வெள்ளைக்காரச் சாமியார். புத்தகத்துல எழுதியிருப்பாரு, பாத்துக் குடுங்க" என்றார். அவருடைய பெற்றோர் பெயரைக் கேட்டுக்கொண்டு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம். அழகிய சாய்ந்த எழுத்தில், லத்தீன் மொழியில், எண் வாரியாக எழுதப்பட்ட பதிவேடு அது. 41-ஆம் எண் இருந்தது. அடுத்த பக்கம் 58 என்று தொடங்கிற்று. இடையில் தையலை ஒட்டினாற்போல் பிளேடால் அறுத்த தடம். ஓர் ஏட்டில் இரு பக்கங்கள், பதினாறு குழந்தைகள். பாட்டியம்மாள் அந்தப் பதினாறில் ஒருவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அறுத்தவர் கெட்ட எண்ணத்தோடு அறுத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. ஒருவேளை தம் பிள்ளையின் வயதுக்கு அத்தாட்சி வேண்டி, நகல் எடுக்க வழியில்லாத காலத்தில், மூல ஏட்டையே எடுத்துச் சென்றிருக்கலாம். தமக்கு வேண்டியது ஒரு பெயர்தான். போனதோ பதினாறு பெயர்கள்.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது போவே நகரத்துப் பூசைப் புத்தகம். குருமடத்தில் வழிபாட்டு வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவர், பழைய பூசைப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லி நமக்கு இத்துறையில் ஆசையை மூட்டினார். அதற்குப்பின் நாமே படித்துத் தெரிந்துகொண்ட கதை இது.

பாரிசுக்கு வடக்கே உள்ளது போவே. அங்குள்ள தூய பேதுரு பேராலயத்தின் பீடப் பகுதி ஏறத்தாழ 48 மீட்டர் உயரமானது. கோதிக் பாணியில் அதனினும் உயர்ந்த வளைகூரை கிடையாது. மனிதரின் ஆசை அளவு மீறியதாலோ என்னவோ, கட்டிமுடித்துப் பன்னிரண்டே ஆண்டுகளில், 1284-இல், அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நாம் சொல்லவந்த பூசைப் புத்தகமும் 13-ஆம் நூற்றாண்டின் அந்த இறுதிக் காலத்தில் உருவானதே.

அந்நாளில் அச்சு இல்லை, காகிதமும் அரிது. ஆட்டுத் தோலையும் கன்றுத் தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி ஏடாக்குவார்கள். எழுத்தர் ஒருவர் இறகுப் பேனாவால் எழுதுவார். பின்னர் ஓவியர் பெரிய எழுத்துக்களின்மேல் பசையிட்டு, தங்க ரேக்கை ஒட்டி, மெருகுக் கல்லால் தேய்ப்பார். விலை உயர்ந்த புத்தகங்களுக்கு நீல வண்ணம் ஆப்கானிஸ்தானத்து மலைக் கல்லிலிருந்து போயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏட்டைப் புரட்டும்போது எழுத்தே ஒளி விடுவதுபோல் தோன்றும். போவே புத்தகத்தின் ஓரங்களில் கொடிகள் ஓடும். அக்கொடிகளின் முனையில் குட்டிப் பறவை நாகங்கள் தொற்றிக்கொண்டிருக்கும். திருப்பலிப் புத்தகத்தில் இத்தகைய விளையாட்டா என்று கேட்பவர்கள், நம் தேரில் உள்ள மரச் சிற்பங்களை ஒருமுறை கிட்டத்தில் நின்று பார்க்கட்டும்.

இப்புத்தகத்தைப் பேராலயத்துக்குக் கொடுத்தவர் ரொபேர் தெ ஆஞ்செஸ்து என்னும் குருவானவர். அப்பேராலயத்தின் குருகுழாமில் இருந்தவர். 1356-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் இறந்தார். அந்நாளில் ஆண்டுதோறும் தமக்காகப் பூசை நிறைவேற்றப்பட வேண்டும் என்பதே கொடையின் கருத்து. நம் பங்கிலும் தாய் தந்தையர் பெயரால் நிரந்தரப் பூசைக்குப் பணம் கட்டிவைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு மறுநாள் ரொபேருடைய நாள். இந்தக் கொடைக் குறிப்பு புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. புத்தகம் ஒன்றாய் இருந்தவரை, அதைத் திறப்பவர் யாராயினும் இது இன்னாருடைய நினைவுக்கு உரியது என்று அறிய முடிந்தது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. திருச்சபையின் சொத்துக்கள் யாவும் தேசத்தின் சொத்துக்கள் என அறிவிக்கப்பட்டன. மடங்களின், ஆலயங்களின் நூல்கள் வண்டி வண்டியாக வெளியேறின. நம் மறைமாவட்டத்தில் உழைத்த பாரிசு வேதபோதக சபையினர், 1776-இல் புதுச்சேரிக்கு வந்து சேசு சபையாரின் பணியை ஏற்றுப் பதின்மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தாய்நாட்டில் கோவில்கள் பூட்டப்பட்டுக் கிடந்தபோது அவர்கள் இங்கே கோவில்களைத் திறந்துவைத்திருந்தனர்.

போவே புத்தகம் 19-ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்துச் சேகரிப்பாளர் கைகளுக்கு வந்தது. அவர்களுள் புரோலமான் என்பவர் குடும்பத்தில் அது தலைமுறைகள் தங்கிற்று. 1926-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது அதில் 309 ஏடுகள் இருந்தன. 970 பவுனுக்கு அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்காக வாங்கப்பட்டது. அவருக்குக் கடன் பெருகியபோது, நியூயார்க் நகரத்து ஒரு பெரிய பலசரக்குக் கடை வழியாகத் தம் கலைப்பொருட்களை விற்றார். துணி, பாத்திரம், மரச்சாமான் விற்கும் அந்தக் கடையிலிருந்து 1942-இல், ஆயிரம் டாலருக்கு, பிலிப் துஷ்னெஸ் என்ற புத்தக வியாபாரி அதை வாங்கினார்.

வாங்கியவர் தையலை அறுத்தார். 309 ஏடுகளையும் தனித்தனியே, ஏடு ஒன்று 25 டாலர் முதல், விற்கலானார். பெருக்கிப் பாருங்கள், ஏன் அறுத்தார் என்பது விளங்கும்.

அவரிடமிருந்து ஏடுகளை வாங்கியவர்களுள் ஓட்டோ ஏகே என்பவர் முக்கியமானவர். கிளீவ்லாந்து நகரத்தில் ஓவியக் கலை ஆசிரியர். பல்வேறு பழைய புத்தகங்களிலிருந்து ஏட்டுக்கு ஓர் ஏடாக ஐம்பது ஏடுகள் சேர்த்து, நாற்பது பெட்டிகள் அமைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் 15-ஆவது ஏடு போவே ஏடு. 1938-இலேயே, தாம் புத்தகம் உடைப்பவர் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதியவர் அவர். முழுப் புத்தகம் ஒரு செல்வந்தனுக்குத்தான் கிட்டும். ஏடாகப் பிரித்தால் சிற்றூர்ப் பள்ளி மாணவனும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். இந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. செல்வந்தனின் பூட்டிய அலமாரியைவிட ஏழை மாணவனின் கை மேலானதே. ஆனால் ரொபேர் குருவானவரின் பெயர் எல்லா ஏடுகளிலும் எழுதப்பட்டிருக்கவில்லையே! உயிர்ப்பு ஞாயிற்றின் செபம் ஓர் ஊருக்கும், அதன் நற்செய்தி வேறோர் ஊருக்கும் போயின. சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய ஏட்டைப் பார்ப்பவர் தங்கத்தைக் கண்டார். யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்பதைக் காண வழியில்லை.

மறுபுறம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. லிசா ஃபேகின் டேவிஸ் என்ற அமெரிக்க அறிஞர், சிதறிய ஏடுகளைப் பல ஆண்டுகளாகத் தேடி, அவற்றின் படங்களைக் கணினியில் வரிசைப்படுத்தி வருகிறார். இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகள் இருக்குமிடம் தெரிந்துள்ளது. 2022-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், இறந்த ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்ற இடத்தில், 75 டாலர் விலைச் சீட்டோடு ஓர் ஏடு கிடந்தது. வாங்கிய இளைஞர் தாம் படித்த கல்லூரியில் இதே புத்தகத்தின் வேறோர் ஏட்டைப் பார்த்திருந்தபடியால் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பள்ளி மாணவன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஏகே அவர்களின் வாதம் இங்கே ஓரளவு பலித்ததையும் மறைக்கக் கூடாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு ஓலைச் சுவடிக்குத் தங்க ரேக்கு இல்லை. எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் எண்ணெயும் தடவி எழுத்தைத் தெளிவாக்குவார்கள். அதில் துளையிட்டுக் கோத்த கயிறுதான் தையல். கயிறு அறுந்தால் சுவடி குலைந்தது. வீட்டில் படிப்பார் இல்லாமற்போனால், புண்ணியம் என்று கருதிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விட்ட சுவடிகள் எத்தனையோ! புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்க அலுவலராயிருந்த எதுவார் ஆரியேல் என்பவர் தமிழ்ச் சுவடிகளை அரும்பாடுபட்டுச் சேர்த்தார். திருக்குறளைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கவும் முனைந்தார். 1854-இல் இளமையிலேயே புதுச்சேரியில் காலமானார். அவர் சேர்த்தவை பாரிசு தேசிய நூலகத்தில் இன்றும் பத்திரமாய் உள்ளன. அவை நம்மிடம் இல்லையே என்று வருந்துகிறவர்கள், நம்மிடமே இருந்திருந்தால் கறையானுக்குத் தப்பியிருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நமக்கு இரண்டு எண்ணமும் உண்டு.

நம் வேதத்தின் முதல் தமிழ் நூல்களும் அப்படியே. சேசு சபையைச் சேர்ந்த அன்றிக்கு அடிகளார் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்றும் எஞ்சியுள்ள நூல்களில் மிகப் பழையது அது. அதைப் பார்க்க விரும்புவோர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். அவரே 1586-இல் அச்சிட்ட 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் உள்ளது.

போனவற்றில் எல்லாம் பத்திரமாகப் போனவை அல்ல, திருடப்பட்டவையும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் 1715-இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. அவர் லுத்தரன் சபையினர். ஆயினும் தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதல் முழுமையாக அச்சில் தந்தவர் என்ற வகையில் நாமும் மதிக்க வேண்டியவர். 2005-இல் அப்பிரதி காணாமற்போயிற்று. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் அறிவித்தனர். அதில் சரபோஜி மன்னரின் கையொப்பம் இருந்ததாகவும் கூறினர். துப்புத் துலக்க அவர்கள் புரட்டியவற்றுள் ஒன்று, நூலகத்தின் பார்வையாளர் பதிவேடு. ஒவ்வொருவரும் பெயரெழுதிக் கையொப்பமிடும் அந்தச் சாதாரண நோட்டுப் புத்தகம்தான்!

இனி நம் அலமாரிக்குத் திரும்புவோம். பாட்டியம்மாள் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதை நிரூபிக்கத் திருச்சபைக்குப் பெரிய தடையில்லை. திருச்சபைச் சட்டம் 876-இன்படி, நம்பத்தக்க சாட்சி ஒருவர் போதும். அவருடைய அண்ணன் உயிரோடிருக்கிறார், அவர் வந்து சாட்சி சொன்னார், நாமும் எழுதிக்கொண்டோம். ஆனால் அண்ணனுக்குத் தங்கை பிறந்த தேதி தெரியாது. "சோளம் அறுத்த சமயம்" என்கிறார். உதவித்தொகை அலுவலகத்துக்கு அது போதவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தேதியும் வருடமும் எழுதிய ஏடு நம்மிடம் இருந்திருக்க வேண்டியது.

இவ்விழாவையொட்டிப் பழைய பதிவேடுகள் யாவும் படமெடுக்கப்பட்டு, மேல் தாள் ஒட்டிப் பழுது பார்க்கப்பட்டுள்ளன. 41-க்கும் 58-க்கும் இடையே ஒரு வெற்று ஏட்டைத் தைத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். அந்த ஏடு எங்கோ ஒரு டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடும் கலியாணப் பத்திரிகைகளோடும் மடிந்து கிடக்கலாம் என்பது நம் நம்பிக்கை. நீல மசியில் எழுதியது. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் குழந்தையின் பெயர் தனியாக இருக்கும். அடியில் சுவாமியாரின் சுருக்கக் கையொப்பம். உங்கள் தாத்தா வைத்திருந்த காகிதங்களை இந்த விழா விடுமுறையில் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கிடைத்தால் நம்மிடம் நேரில் தரலாம். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன வேளையிலும் தரலாம். எப்படி வந்தது என்று நாம் கேட்கமாட்டோம். பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் வேண்டுகிறோம்: பெட்டியின் வாய் சிறிது, பழைய தாள் மொரமொரப்பானது, மேலும் மடித்துத் திணிக்காமல், ஓர் உறையில் இட்டுப் போடுங்கள்.