வைக்கிங்குகளும் ஜொகூரின் கடல் மக்களும்

படிவம் 2 வரலாற்றில் ஜொகூர்-ரியாவ் பாடம் வந்தால் மாணவர்கள் கேட்பது இதுதான்: "டீச்சர், வைக்கிங்கும் நம்ம கடற்கொள்ளையரும் மோதினா யாரு ஜெயிப்பா?" சினிமா பார்த்த கேள்விதான். ஆனாலும் கட்டுரைக்கு உதவும். யார் எங்கே பலசாலி, ஏன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வைக்கிங்குகள் கப்பலில் வந்த தரைப்படை. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். 845இல் சேன் ஆற்றில் ஏறிப் பாரிஸையே தாக்கினார்கள். அவர்களின் நீண்ட கப்பல் ஆழமில்லாத நீரிலும் மிதக்கும், நேராகக் கரையில் ஏறும். இறங்கிவிட்டால் கோடரியும் ஈட்டியும் கேடயமும்தான். கடலில் சண்டை வந்தாலும் கப்பல்களைச் சேர்த்துக் கட்டி, தரையில் நிற்பதுபோல் நின்று போரிட்டதுண்டு. பிடித்த இடத்தில் குடியேறவும் செய்தார்கள். நார்மண்டி அப்படி வந்ததுதான்.

நம் ஓராங் லாவுட் மக்கள் இதற்கு நேர்மாறு. படகுதான் வீடு, குடும்பமே படகில். நீரிணையின் நீரோட்டம், மணல்திட்டு, சதுப்புக்காட்டு ஓடை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பரமேஸ்வரா மலாக்காவை நிறுவத் துணை நின்றவர்கள் இவர்களே என்று போர்த்துகீசியரான தோமே பிரெஸ் எழுதியிருக்கிறார். வணிகக் கப்பலைத் துறைமுகத்துக்கு அழைத்து வருவதும், எதிரிக் கப்பலை மறிப்பதும் இவர்கள் வேலை. தரையில் கதை வேறு. 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவைத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் அரசு அழிந்ததா? இல்லை, வேறிடத்தில் தலைநகர் எழுந்தது. கோட்டையைவிட ஆறும் கடலும்தான் ஜொகூரின் பலம் என்பது என் கருத்து.

சரி, இவர்கள் கொள்ளையர்களா? 25 பிப்ரவரி 1603ஐப் பாருங்கள். ஜொகூரின் ஒத்துழைப்போடு டச்சுக்காரர் ஹேம்ஸ்கெர்க், சிங்கப்பூர்க் கடலில் 'சந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் 3 மில்லியன் கில்டருக்கு மேல் ஏலம் போனது. போர்த்துகல் அதைக் கொள்ளை என்றது. நியாயமான போர்ப் பறிமுதல் என்று வாதாட, ஹியூகோ குரோஷியஸ் என்ற வழக்கறிஞரை அமர்த்தியது டச்சுக் கம்பெனி. கொள்ளை என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நாம் பெருமையாகச் சொல்லும் 1025 கடாரப் படையெடுப்பையும் கடாரத்துக்காரன் கண்ணால் ஒருமுறை பாருங்களேன்.

1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மாமூட் கொல்லப்பட்டார். பெண்டஹாரா அரியணை ஏறினார். இந்த ஆண்டைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். ஓராங் லாவுட்டின் விசுவாசம் பழைய அரச வம்சத்தின் மேல். புதியவரை அவர்களில் பலர் ஏற்கவில்லை. 1718இல் மாமூட்டின் மகன் நானே என்று சொல்லிக்கொண்டு சியாக்கிலிருந்து ராஜா கெச்சில் வந்தபோது, அவர்கள் படகுகள் அவர் பக்கம் போயின. ஜொகூர் வீழ்ந்தது.